நாடகக்காரரும் விமர்சகரும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு நாடக விமர்சனம் எழுதுபவன் நான். நாடகம் முடிந்து மண்டபத்து வாசலில் பிளேன்டீ குடிக்கும்போதும், திரும்பி வரும் பஸ்ஸிலும், வாட்ஸ்அப்பிலும் நடிகர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். விமர்சகருக்கு எழுதலாமா, என்ன எழுதுவது, அவர் திட்டினால் பதில் போடுவதா? புதிதாக விமர்சனம் எழுத வந்தவர்களும் இதையே மறுபக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். கடிதம் என்று சொல்லும் இடத்தில் தாள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் அடக்கம்.

அண்ணே, விமர்சகருக்கு நடிகர் கடிதம் எழுதலாமா? காக்கா பிடிக்கிற மாதிரி ஆயிடாதா?

எழுதலாம். பேப்பரில் வரும் விமர்சனம் வாசகருக்காக எழுதப்படுவது. நடிகருக்கு வேண்டியது வேறு. எந்த வரி கடைசி வாங்குவரை கேட்டது, எந்த இடத்தில் சனம் கதிரையை இழுக்கத் தொடங்கியது, அழுகைக் காட்சியில் முகம் தெரிந்ததா அல்லது தலைமயிர் மறைத்ததா என்பதெல்லாம் பேப்பரில் வராது. வந்தாலும் வாசகருக்கு அதனால் பிரயோசனம் இல்லை. அதைக் கேட்கத்தான் கடிதம்.

காக்கா பிடிப்பது என்பது நாடகம் மேடையேறுமுன் வருகிற புகழ்ச்சி. "உங்கள் எழுத்து என்றால் எனக்கு உயிர், வரும் சனிக்கிழமை என் நாடகம்" என்று ஒரே மூச்சில் எழுதினால் எந்த விமர்சகருக்கும் விளங்கிவிடும்.

எப்ப எழுதணும்? நாடகத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?

முன்னால் என்றால் அழைப்பும் தகவலும் மட்டும். நாடகம் முடிந்து விமர்சனம் வெளிவரும் வரையுள்ள இடைவெளியில் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது. அந்த நாட்களில் வருகிற எந்தக் கடிதமும், எவ்வளவு அப்பாவியாக எழுதியிருந்தாலும், பேனாவைப் பிடித்து இழுப்பதுதான். ஒரே விதிவிலக்கு தகவல். "அன்றைக்குத் தங்கச்சி வேஷம் கட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல், வேறொருவர் ஆடினார், பிரசுரத்தில் பழைய பெயர்தான் இருக்கிறது" என்றால் உடனே எழுதுங்கள்.

மற்றதெல்லாம் விமர்சனம் வந்து ஒரு வாரம் போன பிறகு. சூடு ஆறியிருக்கும், மேடை இன்னும் மறந்திருக்காது.

அழைப்புக் கடிதத்துல என்ன போடணும் சேர்? நாங்க ஏ.எல். நாடகமும் அரங்கியலும் செய்ற பிள்ளைங்க.

நாடகத்தின் பெயர், எழுதியவர், இயக்குபவர், இடம், திகதி. அதோடு உண்மையில் தொடங்கும் நேரம். நான்கு மணி என்று அச்சடித்துவிட்டு அதிதிகளுக்கு மாலை போட்டு, ஆறு மணிக்குத் திரை தூக்கினால், வெளியூர்க்காரர் நாடகத்தைப் பார்க்க மாட்டார், கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். எவ்வளவு நேரம் ஓடும், முடிந்த பிறகு எந்தப் பக்கத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். விமர்சகர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று கோபிக்கிறவர்கள் அநேகமாகத் தலவாக்கலைக்கோ பண்டாரவளைக்கோ இரவில் பஸ் தேடிப் பார்க்காதவர்கள்.

ஓர் ஆசனம், ஒரு பிளேன்டீ, தேவைப்பட்டால் இரவு தங்க இடம் கொடுக்கலாம். கவர் கொடுக்கக் கூடாது. அதில் பஸ் காசுதான் இருந்தாலும் கூடாது.

எல்லார் பேரும் வந்திருக்கு. என் பேர் மட்டும் இல்ல. கேக்கலாமா?

பெயர் பிழையாக வந்திருந்தால் கேளுங்கள், திருத்தம் போடுவார்கள். விட்டுப்போனதற்குக் கேட்காதீர்கள்.

எழுதுங்க எழுதுங்கன்னு சொல்றீங்க. என்னான்னு எழுதுறது? ஒரு மாதிரி காட்டுங்க.

கடிதம் ஒரே ஓர் இடத்தைப் பற்றி இருக்கட்டும். "என் நடிப்பு எப்படி?" என்று கேட்டால் "நன்று, தொடர்ந்து முயலுங்கள்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நானே கட்டிய மாதிரி ஒன்று:

"வணக்கம் ஐயா. போன மாதம் நீங்கள் பார்த்த நாடகத்தில் அப்பா வேஷம் கட்டியவன் நான். கொழும்பில் வேலைக்குப் போன மகளின் கடிதத்தை வாசிக்கிற இடத்தில் சனம் சிரித்தது. அழ வேண்டிய இடம் அது. ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் இருந்த இடத்தில் இருந்து பார்க்க என்ன தெரிந்தது?"

இதற்கு வரக்கூடிய பதில்: "நான் இடதுபக்கம் நாலாவது வரிசையில் இருந்தேன். கவரைக் கிழித்ததும் அதற்குள் காசு இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்கள், பிறகுதான் தாளை எடுத்தீர்கள். சனம் அதற்குச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிழையாகத் தெரியவில்லை. நம் ஊர் அப்பாக்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு உடனே அழத் தொடங்கியதுதான் ஒட்டவில்லை. சிரிப்பு அடங்கக் கொஞ்சம் பொறுத்திருந்தால் அழுகை எடுபட்டிருக்கும்."

இந்தப் பதிலை வைத்து அடுத்த ஒத்திகையில் ஏதாவது செய்து பார்க்கலாம். இதில் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மோசமா எழுதிட்டாரு. பதில் எழுதாம என்னால இருக்க முடியல. கேஸ் போடலாம்னுகூட கூட்டாளிமார் சொல்றாங்க.

தகவல் பிழையா, அபிப்பிராயமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் காட்சியே இல்லை என்று எழுதியிருக்கிறார், ஆனால் இருந்தது என்றால், அது பிழை. ஆசிரியருக்கு இரண்டு வரி போதும். "நடிப்பில் உயிரில்லை" என்பது அபிப்பிராயம். அதை மறுத்து எழுதும் கடிதம் உயிர் இருந்ததை நிரூபிக்காது. மேலே சொன்ன மாதிரிக் கடிதத்தைப் போல், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று கேட்கலாம்.

வழக்கு என்றால், இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்கு உண்டு. ஆனால் மேடையில் கண்டதைப் பற்றி நியாயமாகச் சொன்ன கருத்துக்கு எதிராக அதில் வெல்வது கஷ்டம். வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு நாடகம் போடலாம்.

பதில் எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு கெனத் டைனன் கதையைச் சொல்வேன். 1951இல் லண்டனில் அலெக் கின்னஸ் போட்ட 'ஹாம்லெட்'டில், நாடகத்துக்குள் வரும் நாடகத்தில் அரசனாக நடித்தார் டைனன். 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' விமர்சகர் பெவர்லி பாக்ஸ்டர் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். டைனன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கோபம் இல்லை, மறுப்பும் பெரிதாக இல்லை. என் நடிப்பு நீங்கள் சொன்ன அளவுக்குப் படுமோசம் இல்லை, சுமாருக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் என்கிற தோரணையில் போகும் அந்தக் கடிதம். அடுத்த ஆண்டே பாக்ஸ்டர் இருந்த இடத்தில் டைனனை விமர்சகராக வைத்தது அதே பத்திரிகை. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனால் தன்னைத்தானே கொஞ்சம் கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவரின் பதிலைத்தான் சனம் கடைசி வரை வாசிக்கும்.

அவருக்கு நடிக்கத் தெரியுமா? மேடையில ஏறாதவருக்கு நான் எதுக்குக் கடிதம் எழுதணும்?

நம்முடைய ஆட்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி அவ்வளவாக நிற்காது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்று பர்மிங்ஹாமில் ஆய்வு செய்த கா. சிவத்தம்பி மேடையிலும் வானொலியிலும் நடித்தவர். 'கொழுந்து' இதழை நடத்திய அந்தனி ஜீவா நாடகம் எழுதினார், இயக்கினார், மலையகத்தில் வீதி நாடகம் போட்டார், ஈழத்துத் தமிழ் நாடகம் பற்றியும் எழுதினார். இங்கே எழுதுகிறவரும் ஆடுகிறவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.

நடிக்கவே தெரியாத விமர்சகரும் இருப்பார். அவரிடம் எப்படி நடிப்பது என்று கேட்காதீர்கள், என்ன தெரிந்தது என்று கேளுங்கள். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒத்திகை நடக்கும்போதே விமர்சகர் யோசனை எழுதி அனுப்புறாரு. நல்ல யோசனைதான். எடுத்துக்கலாமா?

இது பழைய சிக்கல். நாடகாசிரியர் பேர்னாட் ஷா 1895 முதல் 1898 வரை லண்டனில் 'சட்டர்டே ரிவ்யூ' என்ற வார இதழில் நாடக விமர்சகராக இருந்தார். அந்தக் காலத்துப் பெரிய நடிகை எலன் டெரி. இரண்டு பேரும் 1892இலேயே எழுதிக்கொள்ளத் தொடங்கியவர்கள். எழுத்தில் அவ்வளவு நெருக்கம், நேரில் சந்திப்பதையோ ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டார்கள்.

1896 செப்டெம்பரில், நடிகரும் அரங்கை நடத்தியவருமான ஹென்றி இர்விங்கின் லைசியம் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்'. டெரிக்கு இமொஜென் வேஷம். தலையில்லாத ஒரு சடலத்தின் பக்கத்தில் கண்விழித்து, அது தன் புருஷன் என்று நினைத்து அலறுகிற பெண் அவள். மேடையேறுமுன்னே ஷா நீண்ட கடிதங்கள் எழுதினார். எந்த வரியை வெட்டலாம், தூக்கக் கலக்கத்தில் இருந்து அந்தப் பயங்கரத்துக்கு எப்படிப் படிப்படியாக வருவது என்று வரி வரியாக. இன்றைக்கு வாசித்தாலும் நடிப்பு வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

பிறகு அதே ஷா அதே நாடகத்துக்கு விமர்சனமும் எழுதினார். ஷேக்ஸ்பியரைத் திட்டினார், இர்விங்கையும் விடவில்லை. டெரியைப் பற்றி எழுதும் இடத்தில், அவர் விஷயத்தில் என் தீர்ப்பையே என்னால் நம்ப முடியாது என்று வாசகருக்கு வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது நேர்மை, ஆனால் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததை யோசியுங்கள். அதோடு அந்த நாட்களில் ஷா தன் குறுநாடகம் ஒன்றை இர்விங்கிடம் கொடுத்து, டெரியை வைத்து மேடையேற்றச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அந்த டிசம்பரில் இர்விங்கின் 'மூன்றாம் ரிச்சர்ட்' பற்றி ஷா எழுதியதை, குடித்துவிட்டு நடித்தார் என்று குத்திக்காட்டுவதாகப் பலர் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு ஷாவின் நாடகம் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நாடகத்துக்கு அவர் விமர்சனம் எழுதக்கூடாது. இதை அவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "ஐயா, நீங்கள் எங்களோடா, எங்கள் முன்னாலா?" என் அபிப்பிராயத்தில் நல்ல விமர்சகர் ஒருவர் ஒத்திகைக்கு வந்து உதவுவது பேப்பரில் வரும் ஒரு பத்தியைவிடப் பெரிது. மலையகத்து நாடகக் குழுக்களுக்கு அது இன்னும் பெரிது, ஏனென்றால் வெளியாள் கண் அவற்றுக்குக் கிடைப்பதே அரிது.

நாங்க தோட்டத்துல காமன் கூத்து ஆடுறவங்க. எங்களுக்கு யாரு விமர்சகர்? யாருக்கு எழுதுறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

1960களின் முதற்பாதியில், நம் மலைக்குள்ளேயே இருக்கிற பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அதைப் பற்றி எழுதவும் விவாதிக்கவும் படித்த ஆட்கள் சுற்றிலும் இருந்தார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அதே காலத்தில், பேராதனையில் இருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்துத் தேயிலைத் தோட்டங்களில், மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, சிவன் மன்மதனை எரித்த கதையான காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பொன்னர் சங்கர் ஆடினார்கள். அருச்சுனன் தபசில் ஒருவர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறினார். இவை என்ன கூத்து, எங்கிருந்து வந்தது, என்ன சடங்கு என்று பிறகு ஆய்வுகள் வந்தன. ஆனால் "இந்த வருஷம் இந்தத் தோட்டத்தில் ரதி ஆடியவர் எப்படி ஆடினார்" என்று எழுதியவர்களைத் தேடத்தான் வேண்டும். ஆய்வாளருக்குக் கூத்து வேண்டும், விமர்சகருக்குத்தான் கூத்தாடுபவர் வேண்டும்.

ஆகவே நீங்கள்தான் முதல் கடிதம் போட வேண்டும். ஹட்டன், பதுளை, கண்டிப் பக்கம் பேப்பருக்கு எழுதுகிறவர் எவராக இருந்தாலும் சரி. "சிவன் நெற்றிக்கண் திறக்கும் காட்சி விடியப்புறம் வரும், அதுவரை இருக்க முடிந்தால் வாருங்கள். பெரட்டுக்களத்தில் ஆடுவோம், குளிரும், கம்பளி கொண்டு வாருங்கள். படுக்க வேண்டுமென்றால் எங்கள் லயத்தில் ஒரு காம்பரா இருக்கிறது" என்று எழுதுங்கள். (பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம். லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை.) பாட்டு யார் கட்டியது, வாத்தியார் யார், தப்பு அடிப்பவர்கள் யார், ரதி வேஷம் எத்தனை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருக்கிறது என்பதையும் சேருங்கள். பத்து மணிக்கு வந்து படம் பிடித்துக்கொண்டு பதினொன்றுக்குப் போகிறவர் வேண்டாம் என்றும் மரியாதையாக எழுதலாம்.

வேண்டுதலுக்கு ஆடுறாங்க ஐயா. காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுறவங்கள நொட்டை சொன்னா பாவம் இல்லையா?

விரதத்தைப் பற்றி எழுதக்கூடாது, அது சாமிக்கும் ஆடுபவருக்கும் இடையில். ஆட்டத்தைப் பற்றி எழுதலாம். சனமே எழுதாமல் அதைச் செய்கிறதே. மன்மதன் எரிந்த பிறகு ரதி அழும் பாட்டில் கிழவிகள் கண்ணைத் துடைத்தால் ஆட்டம் எடுபட்டது, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு நடையைக் கட்டினால் எடுபடவில்லை. அடுத்த நாள் கொழுந்து பறிக்கும் மலையில் முழு விமர்சனமும் நடக்கும். எந்தப் பேப்பர்க்காரரையும்விடக் கறாராக.

விமர்சகருக்கு ஒரு வார்த்தை: முதலில் ஆடியவருக்குக் கடிதமாக எழுதுங்கள், அவர் சம்மதித்தால் பேப்பருக்குக் கொடுங்கள். மேடை நாடகத்துக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். காசு வாங்கி டிக்கெட் விற்றவருக்கும், நேர்த்திக்கு ஆடி அடுத்த நாள் பெரட்டுக்குப் போகிறவருக்கும் ஒரே சட்டம் இல்லை.

தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் போட்டா வந்து சேருமா?

பல தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொடுத்துவிட்டால்தான் கைக்கு வரும். பிந்தும், பிரிபடும், சில நேரம் காணாமலும் போகும். டவுனில் தெரிந்த கடை அல்லது பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வைக்குப் போடச் சொல்லுங்கள். அல்லது கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அண்ணா, ஒரு விமர்சகர் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுறார். நாடகத்தப் பத்திதான் தொடங்குறார். அப்புறம் வேற எங்கேயோ போவுது. பதில் போடலன்னா மோசமா எழுதிருவாரோன்னு பயமா இருக்கு.

பதில் போட வேண்டாம் தங்கச்சி. நாடகக் கடிதம் பகலில், இயக்குனரும் வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதப்படுவது. "இனிக் குழுவின் நம்பருக்கு எழுதுங்கள்" என்று ஒருமுறை எழுதி, இயக்குனரிடமோ குழுவில் மூத்த அக்காமாரிடமோ காட்டிவிடுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம், படம் பிடித்து வையுங்கள். பிறகும் தொடர்ந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டியது நீங்கள் அல்ல, குழு.

ஷாவும் டெரியும் கொஞ்சிக் கொஞ்சி எழுதவில்லையா என்று இந்த இடத்தில் யாராவது மேற்கோள் காட்டுவார்கள். டெரி அன்றைக்கு இங்கிலாந்தின் முன்னணி நடிகை. விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் விடலாம். உங்களுக்கு அந்தப் பலம் இல்லை என்று தெரிந்துதான் அவர் பதினொரு மணிக்கு எழுதுகிறார்.

விமர்சகர் எனக்கு எழுதின கடிதத்த ஃபேஸ்புக்ல போட்டுட்டேன். என்னைப் பாராட்டித்தானே இருக்கு, தப்பா?

கேட்காமல் போட்டது பிழை. தாள் உங்களுடையது, அதில் எழுதியிருப்பதைப் பிரசுரிக்கும் உரிமை எழுதியவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் உண்டு. ஷா – டெரி கடிதங்கள் டெரி இறந்த பிறகு 1931இல்தான் நூலாக வந்தன, ஷாவின் சம்மதத்தோடு. அப்படியிருந்தும் டெரியின் மகன் கோர்டன் கிரெய்க் கடுமையாக ஆட்சேபித்தார்.

சட்டத்தை விடுங்கள். ஒரு முறை போட்டால் அடுத்த கடிதம் எல்லாருக்கும் எழுதிய கடிதமாகத்தான் வரும். "நாலாவது வரிசையில் இருந்து பார்த்தேன்" போய், "வாழ்த்துகள், வளர்க" வந்துவிடும். (முந்தைய கேள்வியில் வரும் மெசேஜ்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை உரியவர்களிடம் காட்டத் தயங்க வேண்டாம்.)

நான் விமர்சனம் எழுதுறவன். ஒரு நடிகரோட எழுதி எழுதி இப்ப நல்ல சினேகிதம். இனி அவர் நாடகத்தப் பத்தி எழுதலாமா?

மலையகத்தில் நாடகம் போடுகிறவர், எழுதுகிறவர், பார்க்கிறவர் எல்லாரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். சினேகிதரைப் பற்றி எழுதக்கூடாது என்றால் யாரைப் பற்றியும் எழுத முடியாது. ஆகவே கொழும்புக்குப் பொருந்தும் சுத்தபத்தமான விதி இங்கே செல்லாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவருக்குக் கடிதத்தில் சொன்ன குறையைப் பேப்பரில் மறைக்கிறேனா? மறைக்கத் தோன்றினால் அந்த நாடகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மறுபக்கமும் உண்டு. நடிகர் நம்பி எழுதிய சந்தேகத்தை எடுத்து, "இந்த இடத்தில் நடிகருக்கே தெளிவில்லை" என்று விமர்சனத்தில் போடுவது. அதைச் செய்தவரை நான் மன்னிக்க மாட்டேன்.

சினேகிதத்தைச் சொல்லிவிட்டு எழுதுவது நல்லது. ஷா செய்ததில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பகுதியைத்தான். சொந்த நாடகத்தை இர்விங்கிடம் கொடுத்த பகுதியை விட்டுவிடுங்கள்.

அப்பா நாடகம் போட்ட காலத்துக் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கு. வாசிக்கவும் முடியல, எறியவும் மனசு வரல.

எறிய வேண்டாம். நம் மலைக் குளிருக்கும் மழைக்கும் டின்னுக்குள் இருந்தாலும் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், மை ஊறும். வெயில் உள்ள நாளில் நிழலில் காற்றாட விரித்து, இரும்பு கிளிப்பையும் இறப்பர் பாண்டையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் போனில் தெளிவாகப் படம் பிடியுங்கள். கவரையும் பிடியுங்கள். திகதி எழுதாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் திகதி.

அப்பாவோடு நடித்த யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த நாடகம், எந்த மண்டபம், கடிதத்தில் 'தம்பி' என்று வருவது யார் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதுங்கள். கடிதத்தின் மேல் பேனா படக்கூடாது. பிறகு நூலகம் நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளலாம், ஈழத்து, மலையகத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைப்பவர்கள் அவர்கள். பொதுவில் போடுமுன், ஃபேஸ்புக் கேள்விக்குச் சொன்னபடி, எழுதியவர்களிடமோ அவர்களுடைய பிள்ளைகளிடமோ சம்மதம் வாங்க வேண்டும். அப்பா எழுதிய கடிதங்கள் அந்த டின்னில் இருக்காது, அவை விமர்சகரின் வீட்டில்தான் இருக்கும். அங்கேயும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.